பிரதி பல கைகளில், சாவி யார் கையில்? நமது சாட்சியங்களும் அந்நியர் கணினிகளும்

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் கண்டிக்குப் போகிறவர்கள், மாத்தளை நகருக்குச் சுமார் 3 கிலோமீற்றர் முன்பாக அலுவிகாரையைக் கடந்து போகிறார்கள். எம்மில் அனேகர் அங்கே இறங்குவதில்லை. அது சிங்கள பௌத்தர்களின் இடம், நமக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்புத்தான் காரணம். ஆனால் தகவலை எப்படிக் காப்பது என்ற கேள்வி இருப்பவர்களுக்கு இந்த நாட்டில் அதைவிடப் பொருத்தமான இடம் குறைவு.

பாளி மொழியிலான திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், இந்தக் குகைகளில்தான் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. அதற்கு முன் பல தலைமுறைகளாக அது மனிதர்களின் நினைவிலேயே இருந்தது. ஒரு குழு நீண்ட சூத்திரங்களை மனனம் செய்யும், இன்னொரு குழு நடுத்தரச் சூத்திரங்களை. எல்லாம் ஒருவரிடம் இல்லை. ஆகவே ஒரு கட்டடத்தை எரித்து எல்லாவற்றையும் அழிக்கவும் முடியாது. பிறகு தென்னிந்தியப் படையெடுப்பும் கொடும் பஞ்சமும் வந்தன. மனனம் செய்தவர்கள் செத்துப்போனார்கள். ஒரு கட்டத்தில் ஒரு குறிப்பிட்ட நூலை அறிந்தவராக ஒரே ஒரு துறவிதான் மிஞ்சியிருந்தார், அவரோ ஒழுக்கத்தில் நம்பத்தகாதவர், வேறு வழியின்றி அவரிடமே போய் மற்றவர்கள் அதைக் கற்றுக்கொண்டார்கள் என்று பாளி உரைநூல் ஒன்று சொல்கிறது. அந்தப் பயத்தில்தான் எழுதினார்கள். எழுதியது ஓரிடத்தில் சேர்ந்தது. 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியைப் பிரித்தானியர் அடக்கியபோது அலுவிகாரையின் ஓலைச்சுவடி நூலகம் அழிந்துபோனது.

பல தலைகளில் வைத்தால் பஞ்சம் தின்னும். ஓரிடத்தில் வைத்தால் நெருப்புத் தின்னும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை இழந்தவர்களுக்கு இரண்டாவது பாடத்தை யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் செம்மணி. 2025ஆம் ஆண்டு அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் நடந்த அகழ்வில் 200க்கும் மேற்பட்ட மனித எலும்புத் தொகுதிகள் வெளிப்பட்டன. அவற்றுள் சிறுவர்களுடையவையும் உண்டு. எலும்புகளோடு கிடைத்த பொருட்களை அடையாளம் காட்டுமாறு உறவுகள் அழைக்கப்பட்டார்கள். அடுத்த கட்டம் மரபணு ஒப்பீடு என்று பலரும் பேசுகிறார்கள். அப்படியானால் தாய்மாரின், சகோதரர்களின், பிள்ளைகளின் மரபணுத் தகவல் எங்கோ சேமிக்கப்பட வேண்டும். இதைவிட, 2009க்குப் பிறகு பதிவுசெய்யப்பட்ட வாய்மொழிச் சாட்சியங்கள் ஏராளம். அவை பலருடைய மடிகணினிகளிலும் பென்டிரைவ்களிலும் கிடக்கின்றன.

அரசிடம் கொடுக்கவும் நம்பிக்கை இல்லை, ஒரு நிறுவனத்திடம் கொடுக்கவும் பயம். எனவே புலம்பெயர்ந்த இளையவர்களோடு கதைக்கும்போது ஒரு யோசனை திரும்பத் திரும்ப வருகிறது. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் நமது ஆட்களிடம் ஆயிரக்கணக்கான கணினிகள் இரவில் சும்மா கிடக்கின்றன. அவற்றை இணைத்து, நமது தகவலை அங்கே பிரித்து வைத்து, அங்கேயே ஆய்வும் செய்தால் என்ன? இப்போதைய கணினிச் சிப்களில் வீட்டுக்காரரே எட்டிப்பார்க்க முடியாத பாதுகாப்பு அறை இருக்கிறதாமே?

யோசனை நல்ல மனதிலிருந்து வருகிறது. அதன் பாதி சரி. மற்றப் பாதி ஆபத்தானது. எது எந்தப் பாதி என்று பிரித்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

இரவல் கணினிகளின் கதை

இதற்குத் தொண்டர் கணிமை என்று பெயர் சொல்லலாம். உலகறிந்த உதாரணம் 1999 மே மாதத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் தொடங்கிய ‘செட்டி அட் ஹோம்’. விண்வெளியிலிருந்து வரும் வானொலி அலைகளைச் சிறு துண்டுகளாக்கி உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு அனுப்பி, வேற்றுக்கிரக உயிர்களின் சமிக்ஞை இருக்கிறதா என்று தேடினார்கள். 2020 மார்ச் மாதத்தோடு புதிய வேலைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். புரதங்கள் எப்படி மடிகின்றன என்று கணிக்கும் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ 2000இல் தொடங்கியது. 2020இல் கொரோனாக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் இணைந்தபோது, அதன் கூட்டு வேகம் அன்றைய மிகப் பெரிய மீகணினிகளையும் மிஞ்சியது.

தமிழருக்கும் இந்த வழி புதிதல்ல. நாம் கணினியை விட மனித உழைப்பைப் பகிர்ந்தோம், அவ்வளவுதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், நாடு நாடாக இருந்த தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், ஈழத்துப் பத்திரிகைகளையும் நூல்களையும் தொண்டர்களின் உழைப்பாலேயே சேர்த்தது.

இவை எல்லாவற்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. பகிரப்பட்ட பொருள் இரகசியம் அல்ல. விண்வெளி இரைச்சலை ஒருவர் திருடி யாரையும் கைது செய்ய முடியாது. 1970களின் ஈழநாடு பத்திரிகையை எத்தனை பேர் பிரதி எடுக்கிறார்களோ அவ்வளவுக்கு நல்லது.

தொண்டர் கணிமைத் திட்டங்கள் பலவும் இயங்குகிற ‘பொயின்க்’ என்ற மென்பொருளின் பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்த்தால் இது தெளிவாகும். தொண்டரின் கணினிக்குத் தீங்கான நிரல் போகாமல் இருக்க, அனுப்பும் நிரலுக்கு எண்ணிமக் கையொப்பம் இருக்கிறது. தொண்டர் பொய்யான விடையை அனுப்பாமல் இருக்க, ஒரே வேலையை இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடுகிறார்கள். ஆனால் அனுப்பிய தரவைத் தொண்டர் திறந்து பார்ப்பதைத் தடுக்க அடிப்படையில் ஏற்பாடு இல்லை. அது தேவைப்படவில்லை என்பதே காரணம்.

வீட்டுக்காரரும் திறக்க முடியாத அறை

அந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் வன்பொருள் பாதுகாப்பு. சேமித்து வைத்திருக்கும் தகவலைப் பூட்டலாம், அனுப்பும்போதும் பூட்டலாம். ஆனால் கணக்குப் போட வேண்டுமானால் ஒரு கணமாவது திறந்துதான் ஆகவேண்டும். அந்தக் கணத்தில் கணினியின் சொந்தக்காரர் பார்த்துவிடலாம். இதற்கு இன்டெல் நிறுவனம் 2015 முதல் தனது சிப்களில் எஸ்.ஜி.எக்ஸ். என்ற வசதியைச் சேர்த்தது. ஏ.எம்.டி. நிறுவனத்திடம் எஸ்.ஈ.வி. என்ற வசதி உண்டு. வாடகைக்கு விட்ட வீட்டில் ஒரு அறைக்கு மட்டும் வீட்டுக்காரரிடம் சாவி இல்லாதது போல நினைத்துக்கொள்ளுங்கள். சிப்பின் உள்ளே மட்டும் தகவல் திறக்கும். வெளியே நினைவகத்துக்கு வரும்போது மறுபடி பூட்டப்பட்டே வரும்.

இன்னொரு முக்கியமான பகுதி தொலைச் சான்றுறுதி. வாக்களிப்புத் தொடங்குமுன் பெட்டி வெறுமையா, முத்திரை சரியா என்று கட்சி முகவர்கள் பார்ப்பார்கள் அல்லவா? அதே போல, “நான் உண்மையான சிப்தான், என்னுள் ஓடுவது நீங்கள் தந்த நிரல்தான்” என்று சிப் கையொப்பமிட்டுச் சொல்லும். அதைச் சரிபார்த்த பின்னரே சாவியை அனுப்புவார்கள். சிக்னல் செயலி 2017 முதல், உங்கள் தொலைபேசியில் உள்ள இலக்கங்களைத் தானும் பார்க்காமல் ஒப்பிட இந்த முறையையே பயன்படுத்துகிறது.

கேட்க நன்றாக இருக்கிறது. தொண்டர் கணிமையில் இதைப் பொருத்தும்போதுதான் மூன்று சிக்கல்கள் வருகின்றன.

முதலாவது மிகச் சாதாரணமானது. 2021இலிருந்து வந்த வீட்டுப் பாவனைக்கான கோர் சிப்களிலிருந்து எஸ்.ஜி.எக்ஸ். வசதியை இன்டெல் நீக்கிவிட்டது. அது இப்போது பெரிய சேவையகங்களுக்கான சிப்களிலேயே தொடர்கிறது. ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் மருமகனின் புதிய மடிகணினியில் நீங்கள் எதிர்பார்க்கும் அந்த அறையே இல்லை.

இரண்டாவது, நம்பிக்கை மறையவில்லை, இடம் மாறியிருக்கிறது. கணினிச் சொந்தக்காரரை நம்ப வேண்டாம் என்கிறோம், ஆனால் சிப்பைச் செய்த நிறுவனத்தையும் அது இயங்கும் நாட்டின் சட்டத்தையும் நம்புகிறோம்.

மூன்றாவதுதான் நமக்கு உயிர்நாடியானது. இந்த அறையை உடைத்தவர்கள் இருக்கிறார்கள். 2018இல் வெளியான ‘ஃபோர்ஷடோ’ தாக்குதலில், அறைக்குள் இருந்த தகவலோடு சான்றுறுதிக் கையொப்பச் சாவியையே ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். அந்தச் சாவி ஒருவர் கையில் கிடைத்தால் பொய்ப் பெட்டியும் உண்மை முத்திரையோடு வரலாம். அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. ஆனால் 2025இல் இன்னொரு வகை வந்தது. நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையில் ஒரு சிறு மின்சுற்றுப் பலகையைச் செருகி இந்தப் பாதுகாப்பைத் தகர்க்கலாம் என்று ஐரோப்பிய, அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தனித்தனியே காட்டினார்கள். ‘பட்டரிங் ராம்’ என்ற தாக்குதலுக்கான பலகையின் செலவு ஏறத்தாழ 50 டொலர். ‘வயர்டாப்’ என்பதற்கு 1,000 டொலருக்கும் குறைவு.

நிறுவனங்களின் பதில் கவனிக்கத்தக்கது. கணினியைக் கையில் வைத்துக்கொண்டு செய்யும் தாக்குதல்கள், தாங்கள் காப்பதாகச் சொன்ன எல்லைக்கு வெளியே என்றன. பூட்டிய தரவு மையத்தில், காவலாளியின் பார்வையில் இருக்கும் சேவையகத்துக்கு அது ஏற்கக்கூடிய பதில். தொண்டர் கணிமையிலோ கணினி எப்போதும் முன்பின் தெரியாத ஒருவரின் கையில்தான் இருக்கிறது. எந்த எல்லைக்கு வெளியே தாங்கள் பொறுப்பில்லை என்கிறார்களோ, சரியாக அந்த இடத்தில்தான் தொண்டர் கணிமை நடக்கிறது.

கணினியைக் கையில் எடுப்பவர் யார்?

மற்ற நாடுகளில் இது திருடனைப் பற்றிய கேள்வி. நமக்கு அப்படியல்ல. 1979 முதல் இருக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வீடு சோதனையிடப்படுவதும், தொலைபேசியும் கணினியும் எடுத்துச் செல்லப்படுவதும் வடக்கு கிழக்கில் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விடயம். கணினி கையில் கிடைத்தவருக்கு நேரமும் பணமும் ஆய்வுகூடமும் இருந்தால் 50 டொலர் ஒரு தடையல்ல. புலம்பெயர் நாட்டில் இருக்கும் கணினி பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. தொண்டராக யாரும் சேரலாம் என்றால், யாரும் சேரலாம்.

முல்லைத்தீவில் ஒரு தாயோடு கதைத்து முடித்து ஒலிப்பதிவை நிறுத்தியபோது அவர் கேட்டார்: “பிள்ளை, இது ஆரின்ர கையில போய் நிக்கும்?” ஊடகக் கற்கைப் பட்டப்படிப்பில் செய்தி மூலங்களைக் காப்பது பற்றி நாங்கள் படித்த எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கும். “பத்திரமாக இருக்கும், அம்மா” என்பது பதில் அல்ல.

மரபணு விடயத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. கடவுச்சொல் களவுபோனால் மாற்றலாம். மரபணுவை மாற்ற முடியாது. ஒரு தாய் கொடுக்கும் இரத்தத் துளி அவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அவருடைய பிள்ளைகள், சகோதரர்கள், சம்மதம் கேட்கப்படாத பேரப்பிள்ளைகள் எல்லோரையும் பற்றிப் பேசுகிறது. இன்று உடைக்க முடியாத பூட்டு 30 வருடங்களில் உடையலாம். பரவிய பிரதியைத் திருப்பி அழைக்க முடியாது.

ஓரிடத்தில் வைத்தாலும் இதே கதை

அப்படியானால் அரசிடமோ ஒரு நிறுவனத்திடமோ கொடுத்துவிடலாமா? 2023 ஓகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட் சேவை கப்பம் கேட்கும் மென்பொருளால் தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளின், மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவு இழக்கப்பட்டது. அந்தக் காலத்துக்கான மாற்றுப் பிரதி இருக்கவில்லை. தனது கடிதங்களையே காக்க முடியாத ஒரு கட்டமைப்பு அது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தபோது பிற்போடப்பட்டன.

தனியார் நிறுவனங்களின் நிலை? 23அண்ட்மீ என்ற அமெரிக்க மரபணு நிறுவனத்திலிருந்து 2023இல் ஏறத்தாழ 69 இலட்சம் பேரின் தகவல் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. கோடிக்கணக்கானோரின் மரபணுத் தகவல், விற்பனைக்கு வந்த சொத்துகளில் ஒன்றானது.

மீண்டும் மாத்தளைக்கு வருவோம். அலுவிகாரைக்கு அருகே, மாத்தளை வைத்தியசாலை வளவில், 2012 நவம்பரில் 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவை 1986 முதல் 1990 வரையான காலத்தவை என்று ஆரம்பத்தில் தொல்லியலாளர் கருத்துச் சொன்னார். அது ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய வன்முறையும் நிகழ்ந்த காலம். பின்னர் அமெரிக்க ஆய்வுகூடத்தின் காபன் பரிசோதனையைக் காட்டி, அவை 1950க்கு முந்தியவை என்று சனாதிபதி ஆணைக்குழு முடித்தது. பிள்ளைகளைத் தொலைத்த சிங்களப் பெற்றோருக்கு விடை கிடைக்கவில்லை. அந்தக் காலப் பொலிஸ் பதிவேடுகள் உதவியிருக்கலாம். ஆனால் அப்பகுதியின் பழைய பொலிஸ் ஆவணங்களை அழிக்க அன்றைய பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ச உத்தரவிட்டார் என்று 2023 யூனில் மனித உரிமை அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை குற்றஞ்சாட்டியது. 1989இல் மாத்தளை மாவட்டத்தின் இராணுவப் பொறுப்பில் இருந்தவரும் அவர்தான். குற்றச்சாட்டு நிரூபிக்கப்படுகிறதோ இல்லையோ, ஆவணம் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அதற்கு ஒரு உத்தரவு போதும் என்பது உண்மை.

மூன்றாகப் பிரிப்போம்

எனது வாதம் இதுதான். எல்லாத் தகவலையும் ஒரே பெட்டியாக நினைப்பதே தவறு. மூன்று வகையாகப் பிரித்தால் வழி தெரிகிறது.

முதல் வகை, பொதுவில் இருக்க வேண்டியவை: பத்திரிகைகள், நூல்கள், நீதிமன்றத் தீர்ப்புகள், வெளியான அறிக்கைகள், செய்மதிப் படங்கள். இவற்றுக்குப் பூட்டே வேண்டாம். எவ்வளவு பிரதிகளோ அவ்வளவு பாதுகாப்பு. புலம்பெயர்ந்தோரின் கணினிகளை இங்கே தாராளமாகப் பயன்படுத்தலாம். பழைய பத்திரிகைப் பக்கங்களை எழுத்தாக மாற்றுவதும், 2009ஆம் ஆண்டு வன்னியின் செய்மதிப் படங்களை ஒப்பிடுவதும் பெரிய கணிப்பு வேலைகள். அவற்றைத் துண்டு துண்டாகப் பகிரலாம்.

இரண்டாம் வகை, சாட்சியங்கள். இவை தொலையவும் கூடாது, வெளியே போகவும் கூடாது. பூட்டிய பிரதிகள் பல நாடுகளில் இருக்கட்டும். சாவியை மட்டும் பிரிக்க வேண்டும். இதற்கான கணித முறையை அடி ஷமீர் 1979இலேயே தந்துவிட்டார். ஒரு சாவியை ஐந்து துண்டாக்கலாம். எந்த மூன்று சேர்ந்தாலும் திறக்கும், இரண்டு சேர்ந்தால் எதுவும் தெரியாது. ஒரு துண்டு குடும்பங்களின் சங்கத்திடம், ஒன்று சட்டத்தரணியிடம், ஒன்று மதத் தலைவரிடம், இரண்டு வெவ்வேறு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களிடம் என்று வைக்கலாம். ஒருவரை மிரட்டியும் பயனில்லை, ஒருவர் இறந்தாலும் இழப்பில்லை. விசேட சிப் எதுவும் இதற்குத் தேவையில்லை. ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கும் வேலைக்கும் அந்நியர் கணினி வேண்டாம். 2022 முதல் இலவசமாகக் கிடைக்கும் விஸ்பர் போன்ற மென்பொருட்கள் இணையமே இல்லாத ஒரு மேசைக் கணினியில் ஓடும். வன்னிப் பேச்சுவழக்கில் பிழைகள் வரும், மனிதர் திருத்த வேண்டும். மெதுவாக நடக்கட்டும்.

மூன்றாம் வகை, மரபணு. இங்கே ஒரு எளிய உண்மை மறக்கப்படுகிறது. சில ஆயிரம் எலும்புகளையும் சில பத்தாயிரம் உறவினர் மாதிரிகளையும் ஒப்பிட ஆயிரம் கணினிகள் தேவையில்லை. ஒரு நல்ல சேவையகம் போதும். பொஸ்னியாவில், 1996இல் உருவான காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணைக்குழு, உறவினர்களின் இரத்த மாதிரிகளைக் கொண்டு ஸ்ரெப்ரெனிற்சாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 7,000 பேரை அடையாளம் கண்டது. மாதிரிகள் பெயரின்றிப் பட்டைக் குறியீட்டோடுதான் ஆய்வுகூடத்துக்குப் போயின. அங்கே பெரிதாகத் தேவைப்பட்டது கணினி வேகம் அல்ல, குடும்பங்களின் நம்பிக்கை. எனவே மரபணுத் தகவலைத் தொண்டர் கணினிகளில் பரப்புவது பயனில்லாத ஆபத்து. சர்வதேச மேற்பார்வையுள்ள ஒரு சுயாதீன ஆய்வுகூடத்தில், பூட்டிய அறைக்குள் இருக்கும் சேவையகத்தில், வன்பொருள் பாதுகாப்பை இரண்டாவது பூட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். முதலாவது பூட்டு சட்டமும் மேற்பார்வையும்தான். அந்த இடத்தில் இந்தச் சிப்கள் உண்மையிலேயே உதவும், ஏனென்றால் அவை அந்த இடத்துக்காகத்தான் செய்யப்பட்டவை.

2017 பெப்ரவரி 20ஆம் திகதி முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராடி வருகிறார்கள். விடை தெரியாமலே பல பெற்றோர் இறந்துவிட்டார்கள். அவர்களோடு அவர்களுடைய நினைவும், மரபணு மாதிரி எடுக்கும் வாய்ப்பும் போகின்றன. எனவே பயந்து எதையும் பதிவுசெய்யாமல் இருப்பதும் ஒரு இழப்பே. பதிவுசெய்ய வருகிறவர் அரச அதிகாரியாக இருக்கலாம், தொண்டு நிறுவனமாக இருக்கலாம், என்னைப் போன்ற பத்திரிகையாளராகவும் இருக்கலாம். அவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். பிரதிகள் எத்தனை, எங்கே? சாவி யார் யாரிடம், தனி ஒருவரால் திறக்க முடியுமா? கணினியை ஒருவர் பறித்துக்கொண்டு போனால் அதில் எதைப் படிக்கலாம்? நான் மனம் மாறினால் எதை அழிக்க முடியும், எதை முடியாது? நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்தால் கொடுங்கள். “புதிய தொழில்நுட்பம் இருக்கிறது, பயப்படாதீர்கள்” என்பது மட்டும்தான் பதில் என்றால், பதில் வரும்வரை இரத்தத்தையும் குரலையும் உங்களிடமே வைத்திருங்கள்.